ஜெபம் செய்ததற்கு மெமோ

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடக் கட்டாயப் பணியும் (பாண்ட்) முடித்துவிட்டு, இப்போது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். போன மாதம் நைட் டியூட்டியில், மறுநாள் ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் பரிசோதனை) செய்யவேண்டிய ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வேதக்காரப் பிள்ளைதானே, எனக்காக ஒரு ஜெபம் பண்ணும்மா" என்றார். அவர் இந்து. கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் பார்த்துவிட்டுப் புகார் கொடுக்க, எனக்கு மெமோ வந்துவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் தினமும் செய்த காரியம் இது. "பயப்படாதே, தைரியமாகச் சாட்சி சொல்" என்கிறார்கள் சர்ச்சில். அதே சர்ச்சில் ஒரு ஊழியர், விசுவாசம் இருந்தால் இன்சுலின் எதற்கு என்று ஒரு சர்க்கரை நோயாளியிடம் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம்விட என்னை அரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. என்னோடு வேலை பார்க்கும் டாக்டர் வருடா வருடம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர். என்னைவிடப் பொறுமையாக நோயாளிகளிடம் பேசுகிறார். அப்படியானால் என் விசுவாசம் என் வேலையில் என்னதான் செய்கிறது?

(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: அன்புள்ள மகளுக்கு,

வயதில் நீங்கள் என் கடைசி மகளைவிடச் சின்னவர். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய் பல்ஸ் பார்க்கிற டாக்டர். அதனால் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன்.

மெமோவை முதலில் முடித்துவிடுவோம். அந்த அம்மா கேட்டார், நீங்கள் செய்தீர்கள். அதில் தப்பில்லை. பதிலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: நோயாளி என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார், எவ்வளவு நேரம் ஆனது, சிகிச்சை எதுவும் அதனால் தாமதமாகவில்லை என்பது. இனி இப்படி யாராவது கேட்டால் டியூட்டி சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, திரை போட்டு, மெதுவான குரலில் செய்வதாகவும், நிர்வாகம் வேறு வழிமுறை வைத்திருந்தால் அதன்படி நடப்பதாகவும் ஒரு வரி. ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். மத சுதந்திரம் தரும் அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவை எடுத்துக்கொண்டு ஹெச்.ஆரிடம் வாதாடப் போகாதீர்கள். அவர்கள் ஆஸ்பத்திரி, அவர்கள் விதி.

ஆனால் புகார் கொடுத்த அந்த மகனைப் பற்றி நீங்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். உங்கள் கடிதத்தில் அவர் வில்லன் மாதிரி வருகிறார். நான் அவர் பக்கத்திலும் நின்று பார்த்திருக்கிறேன்.

1980-களில் ஒரு தாலுகா ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வயது இருபத்தொன்பது, பக்தி நிறைய, அனுபவம் குறைவு. வாழைத்தார் சுமக்கிற ஒருவர் சர்க்கரையில் கால் அழுகி வந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாகவேண்டும். முந்தின நாள் சாயங்காலம் ரவுண்ட்ஸில் அவர் கட்டில் பக்கம் போய், "ஜெபம் பண்ணலாமா?" என்றுகூடக் கேட்காமல், தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தேன். மனுஷன் கைகூப்பி இருந்தார். கடைசியில் 'ஆமென்' என்றும் சொன்னார். எனக்கு ரொம்பத் திருப்தி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வராந்தாவில் என்னைத் தனியாகப் பிடித்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. அவரு தினம் திருநீறு பூசுறவரு. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் அவசர அவசரமா அழிச்சிட்டாரு. வேண்டாம்னு சொன்னா ஆபரேஷனை நல்லாப் பண்ணமாட்டீங்களோன்னு பயம்."

அந்த 'ஆமென்' என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கத்தி என் கையில், கால் அவருடையது. வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவருக்கு எங்கிருந்து வரும்? உங்கள் பக்கத்துக் கட்டில் மகனும் அதைத்தான் பார்த்திருப்பார். இன்றைக்கு அந்த அம்மா, நாளைக்கு நம் அப்பாவா என்று.

அதே வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். தியேட்டருக்கு அனுப்பும்போது அவர் செய்ததன் அருமை எனக்கு உறைத்ததே இந்தப் பேச்சுக்குப் பிறகுதான். அந்த மனுஷனின் எடுக்கப்போகிற காலின் கணுக்காலில் கோயில் கயிறு கட்டியிருந்தது. அதைக் கத்திரியால் வெட்டி குப்பைத் தொட்டியில் போடுவதுதான் வழக்கம். அவர் முடிச்சை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். காஸ் துணியில் மடித்து, கட்டில் தலைமாட்டுக் கம்பியில் கட்டினார். "இங்கேயேதான் இருக்கு. வந்ததும் கையில கட்டிவிடறேன்" என்றார். அப்படியே கட்டியும் விட்டார். தியேட்டர் ஆள் ஸ்ட்ரெச்சரோடு முணுமுணுத்துக்கொண்டு நின்றிருந்தார். ஐந்து நிமிடம் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தான். நோயாளி யாரை நம்பியிருப்பார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

நம் பழைய தமிழ் வேதத்தில் எனக்குப் பிடித்த வார்த்தை ஒன்று உண்டு. 'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்.' வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் கதையில், அவன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்துவிட்டுச் சொல்கிற வார்த்தையும் அதுதான்: 'நீ இவனை விசாரித்துக்கொள்.' தமிழில் விசாரிப்பது என்றால் கேட்டு அறிவது, கவனித்துக்கொள்வதும் அதுதான். நலம் விசாரிப்பதும் விசாரணை நடத்துவதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிறிஸ்தவ மருத்துவம் என்று ஒன்று இருந்தால், அதை நான் இந்த வார்த்தையில்தான் தேடுவேன்.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரி பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு மேல்சாதி இந்து, அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க, அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகளான ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பா இருக்கிறார், அழைத்துப் போங்கள் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிரசங்கத்தில் இதை அழைப்பு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. 'மூட வழக்கம், இவர்களை மாற்றவேண்டும்' என்று ஐடா கிளம்பியிருக்கலாம். அவர் தன்னை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா போய் 1899-இல் கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கி, மறு வருடம் திரும்பி வந்தார். 1902-இல் பெண்களுக்கு நாற்பது கட்டில் ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. நோயாளி எந்த வாசல் வழியாக வரமுடியுமோ அந்த வாசலைக் கட்டினார். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வேலை செய்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிரீன் இன்னொரு உதாரணம். தமிழ் கற்றுக்கொண்டு, பாடநூல்களைத் தமிழாக்கி, நம் பையன்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். நாம் இன்றைக்கு நோயாளிக்கு முன்னால் நின்றுகொண்டு அவருக்குப் புரியாத பாஷையில் அவரைப் பற்றியே பேசிக்கொள்கிறோம்.

தொழுநோய்க் கதை இன்னும் நெருக்கமானது. ஓ.பி.யில் தினமும் ஒருவராவது உங்களிடம் சொல்வார்கள்: "நான் என்ன பாவம் பண்ணினேன் டாக்டர், எனக்கு ஏன் இது?" இந்துவும் சொல்வார், கிறிஸ்தவரும் சொல்வார். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்களே பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று கேட்கிறார்கள். போலீஸ் விசாரணை மாதிரி. இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு அந்த வழக்கையே தள்ளிவிட்டு, அவன் கண்ணைக் கவனிக்கிறார்.

கொல்லிமலையில் பிறந்த அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தபோது, தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றே டாக்டர்களிலும் பலர் நினைத்திருந்தார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. ஒரு சின்னப் பையன், நோயாளி, வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. பார்த்தால் விரல் எலும்புவரை கிழிந்திருக்கிறது, பையனுக்குத் தெரியவே இல்லை. நோய் நரம்பைத்தான் கொல்கிறது. வலி தெரியாததால் மனிதர் தம் கையைத் தாமே அழித்துக்கொள்கிறார் என்பதற்கு இப்படி ஒவ்வொன்றாக ஆதாரம் சேர்ந்தது. ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போகிற மர்மம் மட்டும் மிச்சம். கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி! கடிப்பது தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு குணமாகி ஊர் போகிறவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்குத் தெரிந்த மிக அழகான மருந்துச் சீட்டு அந்தப் பூனைதான். நல்ல தசைநாணை இடம் மாற்றி மடங்கிய விரலை நிமிர்த்திய அறுவை சிகிச்சைகளுக்காக பிராண்டுக்கு உலகப் பெயர் கிடைத்தது, சரி. அதைவிட, ஊரே சாபம் என்று ஒதுக்கிய ஒருவரின் கட்டிலருகே ராத்திரி முழுக்க ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, அதை நினைத்துப் பாருங்கள். தேவசாயலில் உண்டாக்கப்பட்ட உடம்பு என்று நம்புகிறவர், அந்த உடம்பின் அரை அங்குல விரலுக்கும் காரணம் தேடியாகவேண்டும். விசுவாசம் வேலைக்குள் வருவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மிஷன் ஆஸ்பத்திரிக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ளாதீர்கள். காத்திருந்த நோயாளிகளை உட்காரவைத்துப் பிரசங்கம் முடித்த பிறகே மருந்து கொடுத்த இடங்கள் உண்டு. அதைச் செய்தவர்கள் லூக்கா 17-ஐ மறந்துவிட்டார்கள். பத்து குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டாரே தவிர, கொடுத்த சுகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த இன்சுலின் விஷயத்துக்கு உடனே போகவேண்டும். இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் சரி. உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 என்றால் இன்சுலினை நிறுத்திய சில நாட்களில் ரத்தம் அமிலமாகி உயிரே போய்விடும். டைப் 2 என்றாலும் சும்மா விடமுடியாது. வேதத்தில் ஆதாரம் கேட்டால், பவுல் கூடவே ஒரு வைத்தியனை வைத்திருந்தார், லூக்காவை. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று எழுதினாரே தவிர விசுவாசக் குறைவு என்று திட்டவில்லை. ஆனால் வசனத்துக்கு வசனம் வாதாடி நான் யாரையும் ஜெயித்ததில்லை. எனக்குப் பலித்த வழி வேறு. காசநோய் மாத்திரையை இரண்டாம் மாதத்தில் நிறுத்திய ஒருவருக்காக அவருடைய பாஸ்டரையே ஓ.பி.க்கு வரவழைத்து, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, ஆறு மாதம் முடிக்காவிட்டால் மருந்துக்கு அடங்காத காசம் வரும், வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும் என்று சொன்னேன். அவர் போய், "ஜெபிச்சுட்டு மாத்திரையைப் போடு" என்றார். நான் நூறு தடவை சொல்லி நடக்காதது, அவர் ஒரு தடவை சொல்லி நடந்தது. உங்கள் ஊழியரும் கெட்டவராக இருக்கமாட்டார். டீ வாங்கிக்கொடுத்துப் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் நோயாளியின் வீட்டில் நேராகச் சொல்லுங்கள், சபையில் மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மகப்பேறு பிரிவுக்கு மாற்றினால் நாளைக்கே வரும். 2002-ஆம் வருட மருத்துவ கவுன்சில் நெறிமுறை, மருத்துவக் காரணம் உள்ள கருக்கலைப்பு, கருத்தடை போன்றவற்றை மத காரணத்துக்காக மட்டும் டாக்டர் மறுக்கக்கூடாது என்கிறது. மனசாட்சி இடம் கொடுக்காதவர்கள் அதை வேலையில் சேரும்போதே துறைத் தலைவரிடம் சொல்லி, வேறு பிரிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். ரத்தப்போக்கோடு கட்டிலில் கிடக்கும் பெண்ணிடம் போய் நம் மனசாட்சியைப் பேசக்கூடாது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இதில் என்னோடு முரண்படும் கிறிஸ்தவ டாக்டர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

சரி, அந்த ஐயப்ப பக்தர். அவர் உங்களைவிடப் பொறுமைசாலி என்பதில் நீங்கள் கலங்க என்ன இருக்கிறது? அடிபட்டுக் கிடந்தவனைத் தாண்டிப் போனவர்கள் யார்? ஆசாரியனும் லேவியனும், ஆலயத்தில் ஊழியம் செய்கிறவர்கள். கிட்டே வந்து எண்ணெய் வார்த்துக் காயம் கட்டியவன், அன்றைக்கு யூதர்கள் வேற்றுமார்க்கத்தான் மாதிரி ஒதுக்கிவைத்த சமாரியன். நீயும் போய் அப்படியே செய் என்று அவனைத்தான் இயேசு காட்டினார். ஒரு கிறிஸ்தவ டாக்டர் தன் இந்து சகாவைப் பார்த்துப் பொறுமை கற்றுக்கொள்வது நம் வேதத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிற பாடம்தான். அவர் பக்கத்தில் ஒருநாள் நின்று, நோயாளியிடம் எப்படி ஆரம்பிக்கிறார் என்று கவனியுங்கள். உட்கார்ந்துகொண்டு பேசுகிறாரா, நின்றுகொண்டா? பெரும்பாலும் ரகசியம் அவ்வளவுதான்.

அந்தக் கதையில் பிரசங்கிகள் கண்டுகொள்ளாத ஆள் ஒருவன் இருக்கிறான், சத்திரக்காரன். சமாரியன் மறுநாள் போய்விட்டான். அதற்குப் பிறகு கட்டு மாற்றியதும் கஞ்சி கொடுத்ததும் அவன்தான். கூலிக்குச் செய்தான், இரண்டு பணம் கையில் வாங்கிக்கொண்டு. சம்பளத்துக்கு நைட் டியூட்டி பார்க்கிற நாமெல்லாம் அவன் இனம். அவன் என்ன மதம், ஜெபித்தானா என்று வேதம் சொல்லவில்லை. 'அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்' என்று அவனை நம்பிக் கணக்கை ஒப்படைத்தார்கள், அது மட்டும் தெரியும். அவன் நினைத்திருந்தால் பத்துப் பணம் என்று எழுதியிருக்கலாம்.

உங்களிடம் கொஞ்சம் கடுமையாகக் கேட்கிறேன், மன்னியுங்கள். நீங்கள் அனுப்பிய கடிதம் மூன்று பக்கம். ஒரு நிமிட ஜெபத்துக்கு அதில் அவ்வளவு இடம். பில்லைப் பற்றி ஒரு வரி இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். ஸ்கேனுக்கும் அட்மிஷனுக்கும் டார்கெட் வைக்கிற இடங்கள் உண்டு என்பது ஊருக்கே தெரியும். தேவையில்லாத ஒரு சி.டி. ஸ்கேனை வேண்டாம் என்று நீங்கள் சொன்னது உண்டா? ஒருநாள் முன்பே அனுப்பக்கூடிய நோயாளியை டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லி சீனியரிடம் பேசியது உண்டா? 'இந்த மருந்தை எப்படி வாங்குவீர்கள், கையில் எவ்வளவு இருக்கிறது' என்று விசாரித்தது உண்டா? அதற்கு ஒரு மெமோ வாங்குங்கள். அப்போது எனக்கு எழுதுங்கள், நானே ஹெச்.ஆரிடம் வந்து பேசுகிறேன்.

ஜெபத்தை விடச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். வார்டுக்குள் நுழையும்முன் படிக்கட்டில் நின்று நான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன், எழுபது வயது தாண்டியும். யாருக்கும் தெரியாது, யார் அனுமதியும் வேண்டியதில்லை. நோயாளி கேட்டால் அவருக்காகவும் செய்கிறேன். கேட்காவிட்டால், பர்திமேயு என்ற குருடனிடம் இயேசு கேட்ட கேள்வியையே நானும் கேட்கிறேன்: 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?' பார்வை வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும். இருந்தும் கேட்டார். கேட்டால் பதில் நாம் நினைத்தது மாதிரி இருக்காது என்பது என் அனுபவம். ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள். மருமகளுக்கு போன் போடச் சொல்வார்கள். ஒரு பாட்டி, தன் வெற்றிலைப் பையை ஆயா எடுத்து வைத்துவிட்டாள், வாங்கித் தா என்றார்.

அப்புறம், அந்த ஆஞ்சியோ அம்மா. ஜெபித்ததை எழுதினீர்கள், புகாரை எழுதினீர்கள், மெமோவை எழுதினீர்கள். மறுநாள் அவருக்கு அடைப்பு எத்தனை இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்களா, வீட்டுக்குப் போய்விட்டாரா, இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.